ராடு பூட்டும்போது கூப்பிடக் கூடாது

எழுபதுகளின் தொடக்கம். வைகாசி மாதம், காஞ்சிபுரத்தில் கருட சேவைக்கு முந்தின நாள். அன்றைக்கு நடந்ததை இத்தனை வருடங்களாக நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் நடுவில் ஓரிடத்தில் பேச்சை மாற்றிவிடுவேன். எழுதுவதில் அந்தத் தொந்தரவு இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி தொடங்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது நான் செவிலிமேடு போகிற சாலையில் இருந்த ஒரு மோட்டார் பட்டறையில் மெக்கானிக். பூர்வீகம் தறி வீடுதான். தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் உட்காரும் பொறுமை எனக்குக் கிடையாது என்று சின்ன வயதிலேயே தெரிந்துபோனதால், வீட்டில் என்னைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள். தறிக் குழிக்குப் பயந்து ஓடியவன் பட்டறைக் குழியில் போய் விழுந்தான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். பஸ், லாரிகளை மேலே நிறுத்திவிட்டு அடியில் இறங்கி வேலை பார்க்கத் தோண்டியிருக்கும் குழியைச் சொல்கிறார்கள். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கு அந்தக் குழி பிடித்திருந்தது.

பட்டறை முதலாளி ஆற்காட்டிலிருந்து வந்தவர். எல்லோருக்கும் அவர் பாய். நல்ல மனிதர், ஆனால் வேலை விஷயத்தில் முசுடு. எஞ்சினை முழுதாகப் பிரித்து மறுபடி சேர்க்கும் வேலை வந்தால், பிஸ்டனும் கனெக்டிங் ராடும் பூட்டுகிற பொறுப்பை மட்டும் யாருக்கும் லேசில் கொடுக்க மாட்டார். வருடக் கணக்கில் என் கையைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தார். கொடுத்த அன்று நான் தரையில் நடக்கவில்லை.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வருவது பிஸ்டன். அதைக் கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைப்பது கனெக்டிங் ராடு. ராடின் கால் பக்கம் இரண்டு பாதியாக இருக்கும். மேல்பாதி ராடோடு சேர்ந்தது, கீழ்ப்பாதி தனி மூடி. இரண்டும் கிராங்கைக் கட்டிப் பிடித்தமாதிரி உட்கார, இரண்டு போல்ட்டுகளில் நட்டுகள் முறுக்கப்படும். எந்த ராடோ அந்த ராடின் மூடிதான் அதற்குப் பொருந்தும். எண் குத்தியிருக்கும், அந்த எண்கள் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் தலையில் இருக்கும் குறி எஞ்சினின் முன்பக்கம் நோக்க வேண்டும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்களின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வந்துவிடக் கூடாது. உள்ளே இறக்கும்போது ராடின் போல்ட் கிராங்கை உரசிக் கீறிவிடக் கூடாது, அதற்காக அதன் முனையில் ரப்பர் குழாய்த் துண்டு மாட்டுவோம். எல்லாவற்றுக்கும் மேல், அந்த இரண்டு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றி, சமமாக முறுக்க வேண்டும். இப்போதுபோல முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனரெல்லாம் எங்கள் பட்டறையில் கிடையாது. கைதான் அளவு. ஒரு கை ஆரம்பித்ததை இன்னொரு கை முடிக்கக் கூடாது. நடுவில் நிறுத்தவும் கூடாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒரு சம்பவம் நடந்திருந்தது. பாய் ராடு பூட்டிக்கொண்டிருந்தபோது யாரோ தெரிந்தவர் வந்து கூப்பிட்டிருக்கிறார். எழுந்து போய் டீ குடித்துப் பேசிவிட்டு வந்தவர், விரலால் மட்டும் திருகி விட்டிருந்த ஒரு நட்டை முறுக்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார். அந்தப் பஸ் பாலாற்றுப் பாலத்தை நெருங்கும்போது நட்டு கழன்று, ராடு எஞ்சினைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. எண்ணெய் கொட்டி டயர் வழுக்கி, வண்டி பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய்ச் சாய்ந்து நின்றது. ஜனங்கள் பிழைத்தது பெரிய விஷயம். அதற்குப் பிறகுதான் பாய் அந்தச் சட்டத்தைப் போட்டார். ராடு பூட்டும்போது வண்டியின் முன்னால் ஒரு சிவப்புத் துணி கட்டப்படும். துணி கட்டியிருக்கும்வரை உள்ளே இருப்பவனை யாரும் கூப்பிடக் கூடாது.

"கலெக்டரே வந்தாலும் வெளியே குந்தட்டும்பா. அந்தப் பாலத்த நான் இன்னொரு தபா பாக்கமாட்டேன்" என்பார்.

இதைக் கேட்டு எனக்குக் கோபமோ சலிப்போ வந்ததில்லை. உண்மையைச் சொன்னால் பெருமையாகத்தான் இருந்தது. துணி கட்டினால் பட்டறையே அடங்கிப்போகும். எனக்காக அடங்கிப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன். வயசு அப்படி.

என் மனைவிக்கு ஊர் ஐயம்பேட்டை. மாமனார் பட்டு நெசவாளர். பேச்சே வராத மனிதர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் நான் மாமனார் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று குரல் கொடுக்கிறேன், அவர் தறியில் உட்கார்ந்திருக்கிறார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புது மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். என் மனைவிதான் ஓடிவந்து, வாயில் விரலை வைத்துக் காட்டி, என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு தீரும் இடத்தில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திரித்து முடிவார்கள். அதற்குப் பாவு பிணைப்பது என்று பேர். ஆயிரக்கணக்கான இழைகள். அது முடிகிறவரை அந்த வீட்டில் அவரை யாரும் கூப்பிட மாட்டார்களாம்.

முடித்துவிட்டு, இழை வழுக்காமல் திரிக்கத் தொட்டுக்கொண்ட சாம்பலைக்கூட விரலிலிருந்து துடைக்காமல் வந்து என் எதிரில் நின்றார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மாப்ள. பாவு பிணைக்கசொல்ல கூப்ட்டா எனக்குக் காதுல ஏறாது. ஒரு எழை மாறிட்சின்னா பொடவையே போச்சு."

எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பட்டறையிலும் இதே கதைதான் மாமா என்று, ராடையும் போல்ட்டையும் சிவப்புத் துணியையும் அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். அந்த மனிதர் அவ்வளவு ஆர்வமாக ஒரு விஷயத்தைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. இரண்டு பாதியும் எப்படிச் சேரும், எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். கடைசியில் தன் மகளைப் பார்த்து, "அது சரியான வேலைம்மா" என்றார். கிரீஸ் கையோடு திரிகிற மருமகனைப் பற்றி அதுவரை அவருக்கு இருந்த மனத்தாங்கல் அன்றோடு போனது. எங்கள் இருவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது.

அதற்கடுத்த வருடம் என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு விடுமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

அந்த நாளில் பட்டறைக் குழியின் மேல் ஒரு தனியார் பஸ் நின்றிருந்தது. மறுநாள் கருட சேவை. சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் விடிவதற்குள் காஞ்சிபுரம் வந்து சேரும். பஸ் மறுநாள் ஓடியே தீர வேண்டும் என்று பஸ்காரர் பாயைக் கெஞ்சிவிட்டுப் போயிருந்தார். காலையிலேயே சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு நான் குழியில் இறங்கினேன். பாய் மேலே பம்பரில் ஏறி நின்று, பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒவ்வொரு பிஸ்டனாக எண்ணெய் தடவி, வளையங்களைத் தகரப் பட்டையால் இறுக்கிப் பிடித்து, சுத்தியலின் மரப்பிடியால் தட்டி இறக்குவார். ராடின் கால் கிராங்கில் வந்து உட்கார்ந்ததும் நான் கீழேயிருந்து மூடியைப் போட்டு முறுக்குவேன். ஒவ்வொன்று முடிந்ததும் பாய் முன்னால் கைப்பிடியைப் போட்டுக் கிராங்கைச் சுற்றிப் பார்ப்பார். இதமாகச் சுற்றினால் அடுத்தது.

நான்கு ராடு தொந்தரவில்லாமல் போனது. ஐந்தாவதைப் பூட்டிவிட்டுச் சுற்றினால் கிராங்க் பிடிக்கிறது. என்னடா இது என்று முழுதாகக் கழற்றினேன். எண் சரி, பக்கம் சரி. ராடுக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்கும் பேரிங் தகட்டை எடுத்து அதன் முதுகைத் தடவிப் பார்த்தால் ஒரு நூல். கை துடைக்க நாங்கள் தறி வீடுகளிலிருந்து கழிவு நூல்தான் வாங்கிவருவோம். அதிலிருந்து ஓர் இழை தகட்டுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறது. முடி கனம்கூட இல்லை, அதற்குள் அவ்வளவு பெரிய கிராங்கையே பிடித்து நிறுத்திவிட்டது. சந்தேகம் வந்துவிட்டால் பாய் விட மாட்டார். அதற்கு முந்தின நான்கையும் கழற்றி, தகடுகளைத் துடைத்துப் பார்த்து, மறுபடி எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டச் சொன்னார். பூட்டினேன். வெயில் ஏறிக்கொண்டே போனது.

ஐந்தாவதில் கை வைத்ததிலிருந்தே, குழிக்குள்ளிருந்து, பஸ்ஸின் அடி வழியாக, பட்டறை வாசலில் இரண்டு கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டிக்குக் கீழே மட்டும்தான் தெரியும். புழுதி படிந்த கால்கள், வேட்டி நுனி, தேய்ந்த டயர் செருப்பு. பூவரச மரத்தடிக்குப் போகும், திரும்ப வாசலுக்கு வரும், நிற்கும், மறுபடி மரத்தடிக்குப் போகும். யாரோ வண்டி விடவந்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தரம் அந்தக் கால்கள் பஸ்ஸின் முன்பக்கம்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயின. சிவப்புத் துணி கட்டியிருந்த இடம் அது. இப்போதும் கண்ணை மூடினால் எனக்கு அந்தக் கால்கள் தெரியும்.

ஆறாவது ராடும் முடிந்து, கிராங்கைச் சுற்றிப் பார்த்தோம். அருமையாகச் சுற்றியது. பாய் மேலேயிருந்து துணியை அவிழ்த்தார். நான் குழியிலிருந்து ஏறி, கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். மாமனார் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் அவருடைய சைக்கிள்.

என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதுதான்: "முடிஞ்சிடுச்சா மாப்ள?"

முடிந்துவிட்டது மாமா என்றேன்.

"பொண்ணுக்கு ராத்திரிலேர்ந்து வலி. மருத்துவச்சி இனிமே தன்னால ஆவாதுன்னுட்டா. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும். வண்டி ஒண்ணும் கெடைக்கல, எல்லாம் திருவிழாவுக்குப் போயிட்ச்சி. உங்க பாய்கிட்ட கார் இருக்குதேன்னு…"

எப்போது வந்தீர்கள் என்று கேட்க வேண்டியதில்லை. அந்தக் கால்களை நான்தான் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனே.

வாசலில் தகரம் தட்டும் டிங்கர் வேலை செய்துகொண்டிருந்தவரிடம் மாமனார், மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். "ராடு பூட்டிக்கினு இருக்காருங்க, இன்னும் ரெண்டுதான், ஆயிடும்" என்று டிங்கர் சொல்லியிருக்கிறார். திருவிழாவுக்கு அழைக்க வந்திருக்கிறார் போல என்று நினைத்தாராம். பிரசவ விஷயத்தை முன்பின் தெரியாத ஆணிடம் சொல்ல மாமனாருக்குக் கூச்சம். அதோடு, ராடு பூட்டும்போது கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியுமே. மருமகனே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததாயிற்றே. பாயும் அதே வேலையில்தான் இருந்தார். பஸ் நிறைய ஜனம் போகிற வண்டி. இரண்டுதானே, ஆகிவிடும் என்று நின்றிருக்கிறார். நடுவில் வந்த நூலால் அந்த இரண்டு ஆறானது அவருக்கு எப்படித் தெரியும்? வேறு ஒரு மாமனாராக இருந்திருந்தால் பட்டறை அதிர என்னைக் கத்திக் கூப்பிட்டிருப்பார். இவர் வேலையின் அருமை தெரிந்தவர்.

பாய் எண்ணெய்க் கையோடு காரை எடுத்தார். ரோடு முழுக்க ஜனம். மாட்டு வண்டிகள், நடந்து வருகிறவர்கள், பலூன்காரர்கள், எல்லோரும் எங்களுக்கு எதிரே காஞ்சிபுரம் நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். பாய் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. முன்சீட்டில் நான். பின்சீட்டில் மாமனார் தொடைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வந்தார்.

ஐயம்பேட்டையில் அவளைத் தூக்கி வந்து காரில் படுக்கவைத்தபோது அவள் என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். "வந்துட்டியா" என்றாள். மற்றவர் முன்னால் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுவாள், அன்றைக்கு அதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. திரும்பி வரும்போது கூட்டம் எங்களுக்கு முன்னால், அதே திசையில். விலகச் சொல்லி நானே காருக்கு முன்னால் ஓடினேன். விலகாமல் யாரும் நிற்கவில்லை, பாவம், ஆனால் விலகவும் நேரம் எடுக்குமே.

அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. என் அம்மாவின் நெற்றி, அப்படியே உரித்து வைத்தமாதிரி. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது, என் கையில் இன்னும் எஞ்சின் எண்ணெய்க் கறை போகவில்லை என்று நான் வாங்கத் தயங்கினேன். மாமனார் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் அந்த டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்க் கேட்டேன், முன்னாடியே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று.

"சொல்ல முடியாதுப்பா. பொழச்சிருக்கலாம். பொழைக்காமயும் போயிருக்கலாம்."

பிழைத்திருக்காது என்று ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்போது அவர்மேல் ஆத்திரமாக வந்தது. இன்றைக்கு இல்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார்.

ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரையில் அடக்கம் செய்தோம். நான், மாமனார், பாய் மூன்று பேர்தான். ஆற்றில் தண்ணீர் இல்லை. மறுகரையில் திருவிழா முடிந்து ஜனங்கள் கூட்டமாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலராவது முந்தின நாள் நாங்கள் சரிசெய்த பஸ்ஸில் வந்திருப்பார்கள். எஞ்சின் ஒரு குறை சொல்லாமல் ஓடியதாகப் பஸ்காரர் பாயிடம் வந்து சொல்லிவிட்டுப் போனாராம்.

மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, விஷயத்தை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குப் பெரிய யோசனை. அவளுடைய அப்பா விடிந்ததும் கிளம்பினது அவளுக்குத் தெரியும். அவளே வலியோடு அனுப்பிவைத்தவள். ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்கத்தான் போகிறாள். திருவிழாக் கூட்டம், சைக்கிள் நகரவே முடியவில்லை, வழியில் பஞ்சர் வேறு என்று ஒரு கதையைத் தயார் செய்து, அவள் கேட்டதும் சொல்லிவிட்டேன். அவளும் நம்பிவிட்டாள். நல்லவேளை என்று இருந்தது.

மறுநாள் மாமனார் பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் நின்றார். அவள் அழுதுகொண்டே, "பஞ்சர் ஆன சைக்கிள இந்த வெயில்ல தள்ளிக்கினே வந்தியா நைனா" என்று அவர் கையைப் பிடித்தாள். அப்பாவை அவர்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவளுக்குப் பின்னாலிருந்து அவருக்குக் கண்ணைக் காட்டினேன். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பஞ்சர்லாம் இல்லம்மா. நான் வெளிய குந்திக்கினு இருந்தேன்."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். என்மேலோ பாய்மேலோ டிங்கர்மேலோ ஒரு சொல் பழி போடவில்லை. கேட்டு முடித்ததும் அவள் கையை விட்டுவிட்டாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"கூப்ட்டிருந்தா என்ன நைனா? போல்ட்டுதானே? திருப்பிக் கழட்டிப் பூட்டமாட்டாரா?"

அன்று காலை முழுக்க நான் செய்தது அதைத்தான். ஒரு நூலுக்காக ஐந்து ராடுகளையும் கழற்றித் திரும்பப் பூட்டியவன் நான். கழற்றிவிட்டுப் போய்த் திரும்ப வந்து முதலிலிருந்து ஆரம்பித்தால் யாருக்கும் எந்தக் கேடும் வராது. பாதி முறுக்கிய நட்டுதான் ஆபத்து, கழற்றி வைத்த நட்டு யாரையும் ஏமாற்றாது. தொழில் தெரிந்த நாங்கள் யாரும் யோசிக்காத ஒன்றை, ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட்டறியாத அவள் படுக்கையிலிருந்து கேட்டுவிட்டாள். சட்டம் போட்ட அன்றைக்கே பாய் அதை யோசித்திருக்கலாம். அந்தப் பாலத்தைப் பார்த்த பயத்தில் அவருக்குத் தோன்றவில்லை. அவரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

பாயிடம் இதைச் சொன்னேன். அவர் எழுந்து எல்லோரையும் கூப்பிட்டார். "இனிமே யாரு வேணா எப்ப வேணா கூப்டலாம். கூப்ட்டா நட்டு ரெண்டையும் முழுசா கழட்டி வெளிய வெச்சிட்டு எழுந்து வரணும். வந்து மொதல்லேர்ந்து பூட்டணும். அவ்ளோதான்" என்றார். பிற்காலத்தில் நான் தனியாகப் பட்டறை போட்டபோதும் என்னிடம் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதுதான் சட்டம்.

என் மனைவி அவள் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். சண்டையெல்லாம் இல்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் சோறு போடுவாள், எதிரில் நிற்க மாட்டாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கோபப்படுவதாக இருந்தால் என்மேல் படு, அந்த மனிதருக்குப் பாடம் எடுத்தவனே நான்தான் என்றேன். அவளுக்கும் அது தெரியும். ஆனால் தெரிவது வேறு, மனசு வேறு. மாமனார் காஞ்சிபுரம் வருவதையே நிறுத்திவிட்டார். புடவை கொடுக்க வர வேண்டியிருந்தால் வேறு யாரிடமாவது கொடுத்தனுப்புவார்.

ஐப்பசி மழையெல்லாம் விட்டு, பனி ஆரம்பித்த சமயம். ஒரு லாரியின் அடியில் நான் ராடு பூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு போல்ட் முறுக்கியாகிவிட்டது, அடுத்ததில் ஸ்பேனரை வைத்திருக்கிறேன். வாசல் பக்கமிருந்து, "மாப்ள" என்று ஒரு குரல். ரொம்பச் சின்னக் குரல். பட்டறைச் சத்தத்தில் காதில் விழுந்ததே அதிசயம்.

எப்படிக் கழற்றினேனோ தெரியாது. நட்டு இரண்டையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, குழியிலிருந்து தாவி ஏறி ஓடினேன். மாமனார்தான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்ன மாமா, வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல மாப்ள. எல்லாம் நல்லா இருக்காங்க."

அப்புறம் ஏன் வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ராடா?" என்று கேட்டார்.

ஆமாம் மாமா, கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றேன்.

"கூப்ட்டா வருவீங்களான்னு பாத்தேன் மாப்ள. வேற ஒண்ணும் இல்ல."

அதைச் சொல்லிவிட்டு, அந்த வாசலிலேயே, போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, சைக்கிள் கைப்பிடியில் தலையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அழாதவர், ஆற்றங்கரையில் அழாதவர். நானும் எண்ணெய்க் கையோடு அவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாய் வந்து எங்கள் இருவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

எங்களுக்கு அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவரவர் வேலையில் இருக்கிறார்கள். மகளும் அப்பாவும் காலப்போக்கில் பேசிக்கொண்டார்கள், முன்போல இல்லாவிட்டாலும். மாமனார் போய்ச் சேர்ந்தும் பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் நான் எதிலாவது மூழ்கியிருக்கும்போது வாசலில் யாராவது தயங்கி நின்றால், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன், ஏனென்றால் கூப்பிடத் தெரியாத ஒருவர் அன்றைக்கு எனக்காக அவ்வளவு நேரம் வெயிலில் காத்திருந்தார்.